லத்தீன், தர்க்கம், பிளேட்டோ: அமெரிக்கப் பெற்றோருக்கு மூன்று வழிகள்

அமெரிக்காவில் 'கிளாசிக்கல்' என்ற அடைமொழியோடு பள்ளிகள் பெருகிவருகின்றன. லத்தீன், தர்க்கம், பேச்சுக்கலை, ஹோமர் முதல் ஷேக்ஸ்பியர் வரையிலான மூலநூல்கள் ஆகியவைதான் இவற்றின் அடித்தளம். கட்டணமில்லாத சார்ட்டர் பள்ளி, தனியார் பள்ளி, வீட்டுக் கல்வி என மூன்று வடிவங்களில் இது கிடைக்கிறது. பாடம் ஏறக்குறைய ஒன்றுதான். செலவு, மதம், பெற்றோரின் உழைப்பு ஆகியவற்றில்தான் வேறுபாடு.

எப்படிக் கற்பிக்கிறார்கள்?

துப்பறியும் நாவலாசிரியர் டோரதி சேயர்ஸ் 1947இல் ஆக்ஸ்போர்டில் ஆற்றிய உரைதான் இந்த இயக்கத்தின் தூண்டுகோல். இலக்கணம், தர்க்கம், பேச்சுக்கலை என்ற இடைக்கால ஐரோப்பியப் படிநிலைகளைக் குழந்தையின் வளர்ச்சிப் பருவங்களோடு அவர் பொருத்திக் காட்டினார். சிறு வயதில் மனப்பாடம், நடுப்பருவத்தில் வாதம், பதின்பருவத்தில் தெளிவாகப் பேசவும் எழுதவும் பயிற்சி.

தொடக்க வகுப்புப் பிள்ளைகள் 'அமோ, அமாஸ், அமாத்' என்று லத்தீன் வினைச்சொற்களைக் கோரஸாக ஒப்பிப்பது நம் திண்ணைப் பள்ளி எண்சுவடியை நினைவூட்டும். உயர்நிலை வகுப்பில் நிலைமை தலைகீழ். பிளேட்டோவைப் படித்துவிட்டு மாணவர்கள் வட்டமாக உட்கார, ஆசிரியர் கேள்வி மட்டுமே கேட்பார். பதிலுக்கு ஆதாரத்தை மாணவர்தான் நூலிலிருந்து காட்ட வேண்டும்.

சார்ட்டர் பள்ளி

அரசுப் பணத்தில், தனி நிர்வாகக் குழு நடத்தும் பொதுப் பள்ளி இது. 1991இல் மின்னசோட்டா மாநிலம் இதற்கு முதல் சட்டம் இயற்றியது. அரிசோனாவிலும் டெக்சஸிலும் 'கிரேட் ஹார்ட்ஸ்' பள்ளிகள் இந்த வகையில் பெயர்பெற்றவை. மிச்சிகனின் ஹில்ஸ்டேல் கல்லூரியும் 2010 முதல் இத்தகைய பள்ளிகள் தொடங்க உதவுகிறது. விண்ணப்பம் குவிந்தால் குலுக்கல்தான். மதபோதனை கூடாது, மாநிலத் தேர்வு கட்டாயம். மாற்றுத்திறன் மாணவர்களுக்கான கூட்டாட்சிச் சட்டமும் பொருந்தும்.

தனியார் பள்ளி

இவற்றில் பெரும்பாலானவை கிறிஸ்தவப் பள்ளிகள். ஐடஹோ மாநிலத்தில் 1981இல் தொடங்கிய லோகோஸ் பள்ளி இவற்றுக்கு முன்னோடி. பைபிள் பாடமும் பிரார்த்தனையும் அன்றாட நடைமுறை. பெற்றோரின் மத நம்பிக்கையைச் சேர்க்கையின்போதே கேட்கும் பள்ளிகளும் உண்டு என்பதால், பிற மதத்தவர் முதலில் இதை விசாரிப்பது நல்லது. கட்டணத்துக்குச் சில மாநிலங்களில் அரசு உதவி கிடைக்கும். அரிசோனா 2022இல் எல்லா மாணவர்களுக்கும் அதைத் திறந்துவிட்டது. டெக்சஸும் 2025இல் இத்தகைய உதவிக்குச் சட்டம் இயற்றியது.

வீட்டுக் கல்வி

ஐம்பது மாநிலங்களிலும் இது சட்டப்படி செல்லும்; விதிகள்தான் மாறுபடும். டெக்சஸில் அரசுக்குத் தகவல்கூடச் சொல்லத் தேவையில்லை. நியூயார்க்கிலோ காலாண்டு அறிக்கை தர வேண்டும். ஜெஸ்ஸி வைஸும் மகள் சூசன் வைஸ் பாவரும் 1999இல் எழுதிய 'தி வெல்-டிரெயின்டு மைண்ட்' பலருக்கும் கையேடு. தனியாகச் சமாளிக்கத் தயங்குவோர், வாரம் ஒரு நாள் கூடும் 'கிளாசிக்கல் கான்வர்சேஷன்ஸ்' போன்ற குழுக்களில் சேர்கிறார்கள்; அதுவும் கிறிஸ்தவ அடிப்படையிலானதே. செலவு குறைவுதான். ஆனால் பெற்றோரில் ஒருவர் வேலையை விடவோ குறைக்கவோ நேரலாம்.

சேர்க்கும் முன்

பெயர்ப்பலகையை மட்டும் நம்பிவிட முடியாது. 2023இல் ஃபுளோரிடாவின் டலஹாஸியில் ஒரு கிளாசிக்கல் சார்ட்டர் பள்ளி, ஆறாம் வகுப்பில் மைக்கலாஞ்சலோவின் ஆடையற்ற தாவீது சிலைப் படத்தைக் காட்டியது. சில பெற்றோர் புகார் செய்ய, தலைமையாசிரியர் பதவி விலக வேண்டியதாயிற்று. மேலைக் கலையைப் போற்றும் பள்ளியிலேயே எதைக் காட்டலாம் என்பதில் ஒத்த கருத்து இல்லை.

ஆகவே பள்ளியின் நூல் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். மேற்குலகுக்கு வெளியே உள்ள நூல்கள் அதில் எத்தனை என்று பாருங்கள். அனுமதி பெற்று ஒரு வகுப்பில் உட்கார்ந்து கவனியுங்கள். இடையில் ஊர் மாறினால் சாதாரணப் பள்ளியில் எந்த வகுப்பில் சேர்ப்பார்கள் என்பதையும் கேட்டுத் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள்.