கிளி கொத்திய கனி

கொய்யாவைக் கிளி கொத்திவிட்டது என்று கல்லெடுக்காத கை நம் வீடுகளில் அரிது. ஆயின் ஒரு முஸ்லிம் நட்ட மரத்திலிருந்து பறவை உண்பதும் அவருக்குத் தர்மமாகும் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அருளியிருப்பதை புகாரீ, முஸ்லிம் ஆகிய இரு நூல்களும் அறிவிக்கின்றன.

காவிரிக் கரையிலுள்ள கொடுமுடியில் சிறு தோட்டமுடையோருக்கும் இந்தப் பேறு எளிது. செம்பருத்தி பூத்தால் ஊதாத் தேன்சிட்டு வரும். இனப்பெருக்கக் காலத்தில் ஆண் கருநீலமாய் மின்னும். பெண்ணின் வயிறு மஞ்சள். அத்தி பழுத்தால் பச்சை உடலும் சிவந்த நெற்றியும் கொண்ட குக்குறுவான் வரும்; செம்பு தட்டுவது போன்ற குரலே அதன் அடையாளம். விசிறிக் கொண்டையும் நீண்டு வளைந்த அலகும் கொண்டு தரையில் புழுத் தேடுவது கொண்டலாத்தி. திருக்குர்ஆனின் 27-ஆம் அத்தியாயத்தில், சுலைமான் நபி (அலை) அவர்களுக்கு ஸபா நாட்டுச் செய்தி கொணர்ந்த ஹுத்ஹுத் இதுவே. பூச்சிமருந்து தெளித்த மண்ணில் அதற்கு இரை கிடைக்காது.

கோடையில் ஆழமற்ற மண்தட்டில் நீர் ஊற்றி, பூனை பதுங்க இயலாத வெட்டவெளியில் வையுங்கள். நாள்தோறும் நீரை மாற்றுங்கள். கூண்டு வேண்டா. நம் நாட்டுக் கிளிகளைக் கூண்டிலடைப்பதை 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் தடுக்கிறது.

கிளி கொத்திய கொய்யா நமக்கு நட்டமன்று; நம் ஏட்டில் எழுதப்படும் நன்மை.