ஹம்பியின் கடைவீதிகள்

புராதனச் சின்னங்களைக் காணச் செல்வோர் பலர் கோயிலையும் கோட்டையையும் நோக்குவரேயன்றிக் கடைவீதியைக் கருதார். இஃது எத்துணைப் பிழையென்பது கன்னட நாட்டு ஹம்பியிற் சின்னாள் தங்கின் விளங்கும்.

விஜயநகரத் தலைநகராயிருந்த இவ்வூரில் விரூபாட்சர், கிருஷ்ணர், அச்சுதராயர், விட்டலர் என்னும் பெயரால் வழங்கும் கோயில்கள் நான்கின் முன்னும் அகன்ற கடைவீதிகள் உள. இருமருங்கும் கற்றூண் மண்டபங்கள் நிரைநிரையாய் அமைந்தன. விரூபாட்சர் வீதி ஏறக்குறைய முக்கால் கிலோமீட்டர் நீளமுடையது. 1443-ஆம் ஆண்டில் இந்நகர் போந்த பாரசீகத் தூதர் அப்துர் ரசாக், முத்தும் மாணிக்கமும் கடைவீதியில் வெளிப்படையாய் விற்கப்பட்டதை வியந்தெழுதினார். ரோஜா மலரை மக்கள் உணவேபோல் இன்றியமையாததாகக் கொண்டனரென்றும் குறித்தார். விழாவிற் கூடிய மக்களால் வணிகம் தழைத்தது. 1565-ஆம் ஆண்டுத் தலைக்கோட்டைப் போரின்பின் நகர் பாழாயிற்று.

ஆயினும் விரூபாட்சர் கோயிலில் வழிபாடு நிலைத்தது. பிற்காலத்தில் அதன் வீதி மண்டபங்களிற் பல குடும்பங்கள் குடியேறிக் கடை வைத்தன. சின்னங்களைக் காக்கும்பொருட்டு 2011-ஆம் ஆண்டில் அவை அகற்றப்பட்டன. தூண்கள் துலங்கின, வீதியின் ஒலி அடங்கிற்று.

கல்லைக் காத்தல் கடனே. ஆயின், கடைவீதியாகச் சமைத்ததைக் கடையின்றிக் காத்தல் முழுக் காவலாகுமா? அவ்வெறு மண்டபங்களினூடே யாம் நடந்தபோது இவ்வினாவே எம்முடன் வந்தது. அங்குச் செல்லும் நம் மாணவர், தூணின் உயரத்தை அளப்பதோடமையாது, தூணடியிலிருந்து விற்றவர் யாவரென்றும் உசாவுவாராக.