கதைமாந்தர்க்கு முகம் தரும் யந்திரம்

கதை எழுதப் புகுந்தார் யாவரும் அறிந்த இன்பம் ஒன்றுண்டு. தாம் படைத்த மாந்தர் தம் மனக்கண் முன்னே நடமாடக் காண்பதே அது. அம்முகத்தைத் தாளிற் காண விரும்பினால், நேற்றுவரை ஓவியர் ஒருவரையே நாடவேண்டியிருந்தது. அந்நிலை இன்று மாறிவிட்டது. 2022 ஆம் ஆண்டில் மிட்ஜேர்ணி, ஸ்டேபிள் டிப்யூஷன் முதலிய செயற்கை நுண்ணறிவுச் சாதனங்கள் பொதுமக்கள் கைக்கு எட்டின. "இடது கன்னத்தில் தழும்புள்ள நடுவயது மீனவன்" என எழுதிக் கொடுத்தால், சிறிது நேரத்துள் அம்மீனவனை அவை தீட்டிக் காட்டுகின்றன. கதை எழுத விரும்பும் மாணவர்க்கு இப்புதுமை எத்துணை உதவும், எங்கே ஊறு செய்யும் என்பதைச் சற்றே ஆராய்வோம்.

கதைமாந்தரைச் சித்திரம் ஆட்கொள்வது புதிதன்று. ஆர்தர் கொனன் டொயிலின் ஷேர்லொக் ஹோம்ஸ் சிறுகதைகள் 1891 முதல் லண்டனின் ஸ்ட்ராண்ட் சஞ்சிகையில் வெளிவந்தபோது, அவற்றுக்குப் படம் வரைந்தவர் சிட்னி பேஜெட். தலையோடு ஒட்டிய துணித்தொப்பி என்றே ஆசிரியர் ஒரு கதையில் எழுதியிருந்தார். ஓவியரோ வேட்டையாடுவோர் அணியும் காதுமடல் தொப்பியை வரைந்தார். இன்று அத்தொப்பியின்றி ஹோம்ஸை நினைப்பார் அரியர். தாம் எண்ணிய ஹோம்ஸ் இத்துணை அழகன் அல்லன் என்று கொனன் டொயிலே பிற்காலத்தில் எழுதினார். தமிழிலும், 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் வெளிவந்த 'பொன்னியின் செல்வன்' தொடருக்கு மணியம் தீட்டிய வந்தியத்தேவனும் குந்தவையும் வாசகர் உள்ளத்தில் நிலைபெற்றுவிட்டனர். பிரான்ஸ் காப்காவோ, 1915 இல் தமது 'உருமாற்றம்' கதைக்கு அட்டைப்படம் வரையப்படவிருந்த வேளையில், அப்பூச்சியைத் தொலைவிலிருந்து காட்டுவதுபோலக்கூட வரைதலாகாது என்று பதிப்பகத்துக்கு மடல் விடுத்தார்.

பேஜெட்டும் மணியமும் கதையைப் படித்து, தம் அறிவாலும் அனுபவத்தாலும் அதற்கு உருக்கொடுத்தவர்கள். யந்திரத்தின் வழி வேறு. விளக்கச் சொற்களோடு கூடிய கோடிக்கணக்கான படங்களைக் கொண்டு அது பயிற்றப்படுகிறது. எச்சொல்லோடு எத்தகைய உருவம் சேர்ந்து வருகிறது என்பதை அவற்றிலிருந்து அது கற்கிறது. நாம் விவரம் கொடுத்ததும், வெறும் புள்ளிக் குழப்பமாகிய ஒரு பரப்பிலே தொடங்கி, அக்குழப்பத்தைப் படிப்படியாக நீக்கி உருவத்தை வெளிக்கொணர்கிறது. ஆதலின் அது தருவது பெரும்பாலும் பலரும் முன்பு வரைந்தவற்றின் பொதுச்சாயலே. "கிராமத்துக் கிழவி" என்றால் உலகுக்குப் பொதுவான ஒரு கிழவி வருவாளேயன்றி, நம் கதையிலே பேரனுக்காகப் படலையைப் பார்த்துக் காத்திருக்கும் அக்கிழவி வருவாளல்லள். இடக்கன்னத் தழும்பு வலக்கன்னத்துக்கு மாறுவதும் உண்டு. மறுமுறை கேட்டால் வேறொரு முகமே தோன்றலாம். முன்னைய படத்தையே மாதிரியாகக் கொடுத்து ஒரே முகத்தைப் பேணும் வசதி பின்னர் வந்துளதெனினும், அது முற்றும் பிழையற்றதன்று.

இங்கேதான் இளம் எழுத்தாளர் விழிப்பாயிருத்தல் வேண்டும். திரையில் தோன்றிய முகம் பளபளப்பாக இருப்பதைக் கண்டு, "இவளே என் கதாநாயகி" என ஏற்றுக்கொண்டால், அவர் உள்ளத்தில் அரும்பிய முகம் மெல்ல மறைந்துபோகும். பின்பு அவர் எழுதுவது தம் கற்பனையை அன்று. படத்தையே அவர் வருணிப்பார்.

ஆயின் இதனையே நன்மையாக்கிக் கொள்ளவும் வழியுண்டு. முதலில் கதையை எழுதுக. அதன் பின்னரே படத்தைக் கேட்டுப் பார்க்க. படம் வந்ததும், "இவள் அவளல்லள்" என்று மனம் மறுக்குமாயின், ஏன் மறுத்தது என ஆராய்க. கண்ணிலே களைப்பு இல்லையா? நிற்கும் நிலையிலே பெருமிதம் மிகுந்துவிட்டதா? விடை கிடைத்தவுடன் அதனைக் கதையிலே ஒரு வரியாக எழுதிச் சேர்க்க. தாம் அறியாமலே அறிந்திருந்த ஒன்றை எழுத்தாளர் அப்போது கண்டுகொள்வார்.

உரிமை பற்றியும் ஒரு சொல். 'சார்யா ஒவ் த டோன்' என்னும் சித்திரக்கதையைப் பரிசீலித்த அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம், 2023 பெப்ரவரியில் ஒரு தீர்மானத்தை வெளியிட்டது. எழுத்துக்கும், படங்களைத் தெரிந்து ஒழுங்குபடுத்தியமைக்கும் ஆசிரியருக்கு உரிமையுண்டு. மிட்ஜேர்ணி உண்டாக்கிய தனித்தனிப் படங்களுக்கு இல்லை என்பதே அது. அவ்வாண்டு ஜனவரியில், தம் ஓவியங்களைத் தம் அனுமதியின்றிப் பயிற்சிக்குப் பயன்படுத்தினர் என்று அமெரிக்க ஓவியர் மூவர் இத்தகைய நிறுவனங்கள் மீது வழக்குத் தொடுத்தனர். யந்திரம் கற்ற பாடம் மனிதர் பலரின் உழைப்பு என்பதை நாம் மறத்தலாகாது.

ஆகவே, எழுதும் மேசையிலே துணையாக இச்சாதனத்தை வைத்துக்கொள்வதில் தவறில்லை. நூல் அச்சேறும் காலத்திலோ, வகுப்பிலே நன்கு வரையும் தோழனையோ ஊரிலுள்ள ஓவியரையோ அழைத்து, கதையை அவர் கையிலே கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். படித்த பின்பு அவர் கேட்கும் கேள்விகளே உங்கள் கதைக்குக் கிடைக்கும் முதல் விமர்சனமாகும்.