கிரவுனுக்கும் ஒரு ஆயில் உண்டு!
(மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் பிரிவு)



நம் மலரில் கவிதை எழுதப் பலர் இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்தது வண்டி. அதனால் பலரும் மறந்துவிடும் ஒரு வேலையைப் பற்றி எழுதுகிறேன். பிக்கப் வண்டியின் பின் டிஃபரன்ஷியலுக்கு ஆயில் மாற்றுவது. மெக்கானிக் அண்ணன்கள் 'கிரவுன்' என்கிறார்களே, அதேதான்.

எங்கள் வீடு செங்கம் ரோட்டில், ரமணாசிரமத்தைத் தாண்டி ஒரு சந்தில் இருக்கிறது. அப்பா கடனில் வாங்கிய பழைய பிக்கப் ஓட்டுகிறார். பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலத்துக்கு இளநீர் இறக்குவதுதான் பெரிய வருமானம். மாதத் தவணை அதில்தான் அடைகிறது. எங்கள் குடும்பத்தில் பத்தாவதைத் தாண்டியவன் நான் ஒருவன்தான்.

கிரவுன் என்ன செய்கிறது?

கிரிவலம் போனவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். மலையை வலப்பக்கம் வைத்து 14 கிலோமீட்டர் சுற்றுகிறோம். இருவர் கைகோத்து நடந்தால், இடப்பக்கம் நடப்பவர் கொஞ்சம் கூடுதலாக நடக்க வேண்டும். வண்டிச் சக்கரமும் அப்படித்தான். இரண்டு பின்சக்கரங்களுக்கும் இடைவெளி 1.4 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு முழுச் சுற்றுக்கு வெளிச்சக்கரம் 2 × 3.14 × 1.4, அதாவது சுமார் 8.8 மீட்டர் அதிகம் ஓடும். இரண்டையும் ஒரே கம்பியில் இறுக்கிவிட்டால் ஒரு டயர் தரையில் தேய்ந்துதான் ஆகணும். அந்த வித்தியாசத்தைக் கொடுப்பதுதான் டிஃபரன்ஷியல். கூடவே இன்ஜின் சுழற்சியைப் பினியன், கிரவுன் வீல் வழியாகத் திருப்பி, வேகத்தைக் குறைத்து, இழுவையைக் கூட்டியும் தருகிறது. டாடா ஏஸ் முதல் பொலேரோ பிக்கப் வரை பின்சக்கரத்தால் ஓடும் வண்டி எல்லாவற்றிலும் இது உண்டு.

ஆயில் ஏன் மாற்ற வேண்டும்?

பல வண்டிகளில் இருப்பது ஹைபாய்டு பல்சக்கரம். இதில் பல்லும் பல்லும் உருள்வதோடு, ஒன்றன்மேல் ஒன்று வழுக்கவும் செய்யும். லோடு ஏறினால் அழுத்தம் பயங்கரம். சாதாரண எண்ணெய்ப் படலம் கிழிந்துவிடும். அதனால்தான் கந்தகம், பாஸ்பரஸ் சேர்ந்த ஜி.எல்.-5 ரக கியர் ஆயில் ஊற்றுகிறோம். அந்த நாற்றத்துக்கும் கந்தகம்தான் காரணம். இன்ஜினுக்கு ஃபில்டர் உண்டு, இதற்குக் கிடையாது. தேய்ந்த இரும்புத் தூள் உள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும்.

நான் செய்த தவறு

போன வருஷம் எங்கள் வண்டியில் 'ஊ...' என்று ஊளைச் சத்தம் வந்தது. "நானே ஆயில் மாத்துறேன்பா" என்றேன். பௌர்ணமிக்கு முதல் நாள் காலை வண்டிக்கு அடியில் படுத்து, கீழ் பிளக்கைக் கழற்றினேன். கருப்பு ஆயில் முழுவதும் வடிந்தது. பிறகு மேல் பிளக்குக்குப் போனேன். அது துருப்பிடித்து அசையவில்லை. பலமாகத் திருப்ப, அதன் முனை மழுங்கிவிட்டது. ஊற்ற வழியில்லை, ஆயில் இல்லாமல் ஓட்டவும் முடியாது.

சாயங்காலம் ஒரு மேஸ்திரி அண்ணன் வந்து, மழுங்கிய பிளக்மேல் நட்டு ஒன்றை வெல்டிங் வைத்துக் கழற்றினார். அதற்குள் இளநீர் லோடு வேறு வண்டிக்குப் போய்விட்டது. அந்த மாதத் தவணைக்கு அம்மாவின் கம்மல் அடகுக்குப் போனது. அப்பா திட்டவில்லை. "படிச்ச புள்ள, சரியாத்தான் செய்வான்னு இருந்துட்டேன்" என்றார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

செய்யும் முறை

1. கொஞ்ச தூரம் ஓட்டி ஆயிலைச் சூடாக்குங்கள், இளகி நன்றாக வடியும். சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். ஜாக்கியில் மட்டும் நிற்கும் வண்டிக்கடியில் போகவே கூடாது.

2. முதலில் மேல் பிளக்கைக் கழற்றுங்கள். அது வராவிட்டால் கீழ் பிளக்கைத் தொடாதீர்கள். வண்டி ஓடும் நிலையிலாவது இருக்கும். என் அனுபவத்தின் சாரம் இதுதான்.

3. கீழே பேசின் வைத்து வடியுங்கள். சில வண்டிகளில் கீழ் பிளக் இருக்காது, பின்மூடியையே கழற்றணும்.

4. ஆயிலைப் பாருங்கள். பிளக் காந்தத்தில் சாம்பல் நிறப் பசை இருந்தால் பயமில்லை. இரும்புத் துண்டு இருந்தால் பல்லோ பேரிங்கோ உடைகிறது. பால் போல வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது.

5. ஆக்சிலின் மேலுள்ள பிரீதரைச் சுத்தம் செய்யுங்கள். அது அடைத்தால் உள்ளே அழுத்தம் ஏறி, சீல் வழியாக ஆயில் கசியும்.

6. கீழ் பிளக்கைப் புது வாஷர் போட்டு இறுக்குங்கள். பிறகு மேல் ஓட்டை விளிம்பு வரை ஆயில் ஊற்றி, வழிந்தால் நிறுத்தி மூடுங்கள். 90 நம்பரா, 140 நம்பரா என்பதை வண்டியின் கையேட்டில் பாருங்கள். மீந்த ஆயிலைக் கியர் பாக்ஸில் ஊற்றிவிடாதீர்கள். அதன் ரகம் வேறாக இருக்கலாம்.

7. ஒரு ரவுண்டு ஓட்டிவிட்டுக் கசிவு பாருங்கள். பழைய ஆயிலைச் சாக்கடையில் கொட்டாதீர்கள். 2016 விதிகளின்படி அது அபாயக் கழிவு. மூடிய கேனில் சேர்த்து, மறுசுத்திகரிப்புக்கு எடுப்பவர்களிடம் கொடுங்கள்.

எங்கள் வண்டியின் ஊளை குறைந்தது, முழுதாகப் போகவில்லை. தேய்ந்த பல்லை ஆயில் வளர்த்துத் தராது அல்லவா? கம்மலும் இன்னும் மீளவில்லை. ஆனால் அடுத்த ஆயில் மாற்ற நேரம் வந்தபோது, அப்பா ஸ்பேனரை என் கையில்தான் கொடுத்தார். பக்கத்தில் உட்கார்ந்து, "மேல் பிளக்கு முதல்ல" என்று மட்டும் சொன்னார்.

தோழர்களே, செமினாரில் டிஃபரன்ஷியலின் படம் வரைந்து மார்க் வாங்கினேன். அந்தப் படத்தில் மேல் பிளக் இல்லை. இனி நீங்கள் வரையும்போது அதையும் சேர்த்து வரையுங்கள்.