பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருக்கிறோம்: ராக்கெட் ஏவ அது மட்டும் போதுமா?

பினாங்கின் தாசேக் கெலுகோரையும், தென் அமெரிக்காவின் பிரெஞ்சு கயானாவில் உள்ள கூருவையும் உலக வரைபடத்தில் தேடிப் பாருங்க. ஒன்று செபராங் பிறையில் உள்ள ஒரு சிறுநகரம். மற்றது ஐரோப்பாவின் ராக்கெட் ஏவுதளம். ஆனால், இரண்டுமே பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறக்குறைய 5 டிகிரியில்தான் இருக்கின்றன.

அப்படின்னா, நம்ம நாட்டிலிருந்தும் ராக்கெட் ஏவலாமே? பகாங், சபா மாநிலங்களில் ஏவுதளம் அமைக்கும் யோசனை அடிபடும்போதெல்லாம் முதலில் சொல்லப்படும் காரணம் இதுதான். அதில் எவ்வளவு உண்மை இருக்கு?

முதல் லாபம்: இலவச வேகம்

பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்கிறது. பூமத்திய ரேகையில் அந்த வேகம் மணிக்கு சுமார் 1,670 கி.மீ. வடக்கே போகப் போக அது குறையும். கசகஸ்தானின் பைக்கோனூரில் சுமார் 1,160 கி.மீ. தான். ஓடும் லோரியிலிருந்து பந்தை முன்பக்கமாக எறிந்தால், லோரியின் வேகமும் பந்தோடு சேரும் அல்லவா? கிழக்கு நோக்கிப் பாயும் ராக்கெட்டுக்கும் அப்படித்தான்.

ஆனால், இதைப் பெரிதுபடுத்த வேண்டாம். தாழ்வான சுற்றுப்பாதையில் நிற்கவே மணிக்கு சுமார் 28,000 கி.மீ. வேகம் தேவை. பூமி தருவது அதில் 6 விழுக்காடுதான். இந்தியாவின் ஸ்ரீஹரிகோட்டா பூமத்திய ரேகையிலிருந்து 13.7 டிகிரி தள்ளி இருந்தாலும், கூருவைவிட மணிக்கு ஏறக்குறைய 40 கி.மீ. மட்டுமே குறைவாகப் பெறுகிறது.

பெரிய லாபம்: திரும்ப வேண்டியதில்லை

உங்கள் வீட்டு அஸ்ட்ரோ டிஷ் ஏன் ஏறக்குறைய நேராக வானத்தைப் பார்க்கிறது? மீசாட் துணைக்கோளங்கள் பூமத்திய ரேகைக்கு நேர் மேலே, சுமார் 36,000 கி.மீ. உயரத்தில் நிற்கின்றன. நாமும் அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால், அவை நம் தலைக்கு மேலே இருப்பது போலத்தான்.

ஒரு ராக்கெட் நேராக ஏறினால், அதன் பாதையின் சாய்வு ஏவிய இடத்தின் டிகிரியைவிடக் குறையாது. பைக்கோனூரிலிருந்து போனால் குறைந்தது 46 டிகிரி சாய்வு. அதைப் பூமத்திய ரேகைக்கு மேலே கொண்டுவர, வானத்திலேயே திசை திருப்ப வேண்டும். முழு வேகத்தில் போகும்போது திரும்புவதற்கு ஏகப்பட்ட எரிபொருள் செலவாகும்.

ரஷ்யாவின் சோயூஸ் ராக்கெட்டே இதற்குச் சாட்சி. இவ்வகைப் பாதைக்கு பைக்கோனூரிலிருந்து ஏறக்குறைய 1.7 டன் சுமந்த அந்த ராக்கெட், கூருவிலிருந்து சுமார் 3 டன் சுமந்தது. மீசாட்-3டி துணைக்கோளமும் 2022 ஜூன் மாதம் இந்தியாவின் ஜிசாட்-24 உடன் ஒரே ஏரியான் 5 ராக்கெட்டில் கூருவிலிருந்துதான் கிளம்பியது.

நம்ம ரசாக்சாட் இன்னொரு உதாரணம். 2009 ஜூலை 14 அன்று ஸ்பேஸ்எக்ஸின் ஃபால்கன் 1 அதைச் சுமந்து சென்றது. ஏவிய இடம், பசிபிக் பெருங்கடலில் 9 டிகிரியில் உள்ள ஓமெலெக் தீவு. துணைக்கோளத்தின் பாதைச் சாய்வும் 9 டிகிரி! மலேசியாவை ஒரு நாளில் பல முறை கடக்க அந்தப் பாதை தேர்ந்தெடுக்கப்பட்டது.

எங்கே லாபம் இல்லை?

பூமி முழுவதையும் படமெடுக்கும் துணைக்கோளங்கள் பெரும்பாலும் வட துருவம், தென் துருவம் வழியாகச் சுற்றுகின்றன. அவற்றுக்குக் கிழக்குப் பக்க வேகம் தேவையே இல்லை. சொல்லப்போனால், ராக்கெட் அதை எதிர்த்து எரிபொருள் செலவழிக்க வேண்டும்.

அடுத்தது, பாதைக்குக் கீழே என்ன இருக்கிறது என்பது. எரிந்து முடிந்த பகுதிகள் கீழே விழும். சில சமயம் ராக்கெட்டே வெடிக்கும். அதனால் கீழே கடல் இருக்க வேண்டும். தாசேக் கெலுகோருக்குக் கிழக்கே கெடாவும் பேராக்கும் கிளந்தானும். அதனால் இங்கே பேச்சுக்கே இடமில்லை. பகாங் கரையில் கடல் உண்டு, ஆனால் அதைத் தாண்டினால் இந்தோனேசியத் தீவுகள், பிறகு போர்னியோ.

ஸ்ரீஹரிகோட்டாவுக்கும் இதே தலைவலி. தெற்கே ஏவினால் இலங்கை குறுக்கே வரும். ராக்கெட் வளைந்து போவதால் சுமை குறைகிறது. அதற்காகத்தான் தமிழ்நாட்டின் குலசேகரப்பட்டினத்தில் சிறிய ராக்கெட்டுகளுக்குப் புதிய ஏவுதளம் வருகிறது. 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டினார்கள். பூமத்திய ரேகைக்கு நெருக்கம் என்பதைவிட, தெற்கே திறந்த கடல் என்பதே அங்கே முக்கியம்.

நிலம் யாருடையது?

பிரேசிலின் அல்காந்தரா ஏவுதளம் வெறும் 2.3 டிகிரியில் உள்ளது. இடத்தைப் பொறுத்தவரை அதைவிட நல்லது கிடைப்பது கஷ்டம். ஆனால் 1980களில் அதற்காக 300க்கும் மேற்பட்ட குடும்பங்கள் ஊரைவிட்டு மாற்றப்பட்டன. கடலோரத்தை இழந்த அவர்களின் வழக்கு பல ஆண்டுகள் நீடித்தது. 2003 ஆகஸ்ட் 22 அன்று, ஏவுவதற்கு முன்பே ராக்கெட் தீப்பிடித்ததில் 21 பேர் இறந்தார்கள்.

தோட்டம் கைமாறி, குடும்பத்தோடு வீடு மாறிய கதை நம்மில் பலருக்குப் புதிதல்ல. அதனால் இந்தக் கேள்வியை நாம் லேசாகக் கடந்துபோக முடியாது.

ஏவுதளத்துக்கும் ஏவுதலுக்கும் உரிமம் வழங்க மலேசிய விண்வெளி வாரியச் சட்டம் 2022 இருக்கிறது. வேலைவாய்ப்பும் வரலாம். இருந்தாலும், அடுத்த முறை 'நாம் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருக்கிறோம்' என்று யாராவது சொன்னால், எந்தச் சுற்றுப்பாதைக்கு ஏவப் போகிறீர்கள், பாதைக்குக் கீழே யார் இருக்கிறார்கள், நிலத்தைவிட்டு யார் போக வேண்டும் என்று கேளுங்க. பதில் தெளிவாக இருந்தால்தான் அந்த 5 டிகிரிக்கு மதிப்பு.