வேட்டித் திரையில் கம்பன்: பிள்ளைகளுக்கு ஒரு வீட்டுக் கைவேலை

ஏப்ரல் மாதம் பள்ளிக்கூடம் பூட்டினால் நம் வீடுகளில் ஒரே கேள்விதான்: "ரெண்டு மாசம் இந்தப் பசங்களை என்ன பண்றது?" ஓவிய வகுப்பில் சேர்த்தால் கட்டணம் ஒரு பக்கம், பெயின்ட், பிரஷ், கேன்வாஸ் என்ற பட்டியல் மறுபக்கம். தோட்டத்து லைன் வீட்டில் இரண்டு பிள்ளைகளை வைத்திருக்கும் தாய்க்கு அது நினைத்துப் பார்க்கவும் முடியாத செலவு. காசில்லாத கைவேலை என்று புத்தகங்களில் போட்டிருப்பவை ஐஸ் குச்சி வீடும் தெர்மாகோல் பொம்மையும். அவற்றில் எனக்கு வெறுப்பு இல்லை. ஆனால் அவற்றைச் செய்து முடிக்கும்வரை பிள்ளை வாய் திறக்க வேண்டிய அவசியம் இல்லை.

கேரளத்தில் வாழும் தமிழர்க்குப் பணக்கவலையோடு மொழிக்கவலையும் உண்டு. பிள்ளை பள்ளியில் மலையாளமும் ஆங்கிலமும் படிக்கிறான். வீட்டில் "சோறு போடு", "தூங்கப் போறேன்" என்ற அளவில் தமிழ் நின்றுவிடுகிறது. இந்த இரண்டு கவலைக்கும் பொருத்தமான ஒரு கலை நம் பாலக்காட்டு மாவட்டத்திலேயே இருக்கிறது. அதுதான் தோல்பாவைக்கூத்து.

பாரதப்புழைக் கரையிலும் அதை ஒட்டிய ஊர்களிலும் உள்ள பத்ரகாளி கோயில்களில், கோடைக்கு முன்னும் பின்னுமாக இரவு முழுவதும் நடக்கும் நிழற்கூத்து இது. காளி தாரிகனோடு போரிட்டுக் கொண்டிருந்ததால் இராம இராவண யுத்தத்தைப் பார்க்கவில்லையாம். அவள் பார்ப்பதற்காகவே ஆண்டுதோறும் ஆடிக் காட்டுகிறார்கள் என்பது ஐதீகம். இதற்கென்று கோயிலுக்கு எதிரே கூத்துமாடம் என்ற நிரந்தரக் கட்டடம் உண்டு. அதன் நீளம் சுமார் 42 அடி. பின்புறம் பிளந்த தேங்காய் மூடிகளில் 21 விளக்குகள். திரையின் மேற்பாதி வெள்ளை, கீழே கறுப்பு. ஆட்டுபவர்களுக்குப் பெயர் புலவர். அவர்கள் பாடுவது கம்பராமாயணம். கூத்துக்கென அமைந்த அந்தப் பாடத்திற்கு ஆடல்பற்று என்று பெயர்.

ஆம், மலையாள நாட்டுக் காளி கோயிலில், மலையாளம் பேசும் குடும்பங்கள், தலைமுறை தலைமுறையாகக் கம்பனை நெட்டுருப் போட்டு ஒப்புவிக்கின்றன. ஷொரணூருக்கு அருகில் கூனத்தறையைச் சேர்ந்த கிருஷ்ணன்குட்டிப் புலவர் இக்கலையை வெளியுலகுக்குக் கொண்டு சென்றவர். அவர் மகன் இராமச்சந்திரப் புலவருக்கு 2021இல் பத்மஸ்ரீ கிடைத்தது. அமெரிக்க ஆய்வாளர் ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் 1996இல் இதைப் பற்றி ஒரு நூலே எழுதினார். பல இரவுகளில் திரைக்கு முன்னால் மனிதர் ஒருவரும் இல்லாமலே கூத்து நடப்பதை அவர் பதிவு செய்திருக்கிறார். உள்ளே தமிழ், வெளியே ஆளில்லை! (தமிழ்நாட்டில் இதற்கு நேர்மாறான விந்தை ஒன்றுண்டு. அங்கே தோற்பாவை நிழற்கூத்தைத் தமிழில் நடத்தி வந்தவர்கள் வீட்டில் மராத்தி பேசும் மண்டிகர்கள்.)

ஆளில்லாத அந்தத் திரைக்கு முன்னால் நம் பிள்ளைகளைக் கொண்டுபோய் உட்கார்த்தலாம். ஆனால் ஒரு வரி புரியாமல் அரைமணி நேரத்தில் தூங்கிவிடுவார்கள். முதலில் வீட்டில் ஒரு சின்னக் கூத்து போட்டுவிட்டு அழைத்துப் போவது நல்லது.

இதற்குத் தோல் வேண்டாம். பழைய கல்யாணப் பத்திரிகை, சட்டை வாங்கிய அட்டைப்பெட்டி போதும். ஒரு சாண் உயரத்தில், பக்கவாட்டில் பார்க்கும் முகமாக வரையச் சொல்லுங்கள். மூக்கு, மோவாய், கிரீடம் மூன்றும் தெளிவாக இருந்தால் போதும். நிழலில் ஆளை அடையாளம் காட்டுவது ஓரக்கோடுதான். அசல் பாவையின் அழகு அதில் உளியால் இட்ட துளைகளில் இருக்கிறது. நகை, ஆடைக்கரை எல்லாம் துளை வழியே வரும் ஒளிதான். அட்டையின் அடியில் மடித்த கோணிச்சாக்கை வைத்து, ஜியாமெட்ரி பாக்ஸ் காம்பஸ் முனையாலும் ஆணியாலும் துளையிடலாம். சிறு பிள்ளைகளுக்குப் பெரியவர்கள் துணை வேண்டும். புள்ளிக்கோலம் போடத் தெரிந்த பெண்பிள்ளை இதில் எல்லோரையும் மிஞ்சிவிடுவாள். ஒரு கை மட்டும் அசைந்தால் போதும். தோளில் ஒரு பழைய சட்டைப் பொத்தானை நூலால் தளர்வாகக் கோத்துவிட வேண்டும். உடம்புக்கு மூங்கில் பிளாச்சு, கைக்கு ஊதுபத்தி எரிந்து மிஞ்சிய குச்சி. கதவு நிலையில் வேட்டியை இறுக்கிக் கட்டி, கீழே கறுப்புத் துணி தொங்கவிட்டால் திரை தயார். விளக்குக்கு மொபைல் டார்ச். துணிக்கு அருகில் தீ கண்டிப்பாகக் கூடாது. பிசின்பொடி தூவித் தீப்பிழம்பு எழுப்புவது புலவர்களுக்கே உரிய வித்தை. அது அங்கேயே இருக்கட்டும்.

பத்தாம் வகுப்புப் பையனிடம் இதைச் சொன்னால் "சின்னப் பசங்க விளையாட்டு" என்று போய்விடுவான். அவனிடம் விளக்கை ஒப்படைத்துவிட வேண்டும். டார்ச் திரைக்கு 4 அடி பின்னால் இருக்கிறது. பாவை டார்ச்சிலிருந்து 2 அடியில் இருந்தால் நிழல் இரண்டு மடங்கு, 1 அடியில் இருந்தால் நான்கு மடங்கு. கும்பகர்ணன் விழித்தெழுவதைக் காட்ட இதைவிட என்ன வேண்டும்? டார்ச்சுக்குப் பதில் டியூப்லைட்டை வைத்துப் பார்த்தால், பாவையைத் திரையை விட்டு எடுத்ததும் நிழல் கலங்கிவிடும். கூத்துமாடத்தில் 21 விளக்கு வரிசையாக எரியும்போது பாவைகளை ஏன் முள்ளால் திரையோடு ஒட்டிக் குத்தி நிறுத்துகிறார்கள் என்பது அப்போது தானாக விளங்கும்.

வண்ணத்திற்கும் கடைக்குப் போக வேண்டியதில்லை. வரைதாளில் நிறம் தீட்டிக் காய்ந்தபின் தேங்காயெண்ணெய் தடவினால் தாள் ஒளியை விடும். மஞ்சள்தூள் கரைசல் மஞ்சள். அதில் துளி சுண்ணாம்பு சேர்த்தால் சிவப்பு. சங்குப்பூச் சாறு நீலம், எலுமிச்சை பட்டால் ஊதா. மறையூர்ப் பாறை ஓவியங்களில் உள்ளது போன்ற காவிமண் நிறம் தாளில் அருமையாக இருக்கும். ஆனால் அது ஒளியை மறைப்பதால் நிழலுக்கு ஆகாது. இடுக்கித் தோட்டத்து வீடுகளில் தேயிலைக்கா பஞ்சம்? கொதித்த தேயிலைத் தூளை மீண்டும் கொதிக்க வைத்தால் பழுப்பு. துருப்பிடித்த ஆணிகளை வினிகரில் இரண்டு நாள் ஊறப்போட்டு அந்த நீரைச் சேர்த்தால் கறுப்பு மை. மூணாறில் ஸ்ருஷ்டி அமைப்பின் ஆரண்யா பிரிவில், தோட்டத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த மாற்றுத்திறன் கொண்ட இளைஞர்கள் தாவரச் சாயங்களால் அழகிய துணிகள் செய்கிறார்கள். மூணாறு போகிறவர்கள் பிள்ளைகளுக்குக் காட்டலாம்.

இனி வசனம். இதுதான் முக்கியம். அசல் கூத்தில் புலவர் ஒரு பாடலைச் சொல்லிவிட்டு அதற்குப் பேச்சில் நீளமாக விளக்கம் தருவார். வீட்டிலும் அப்படியே செய்யலாம். தாத்தாவோ அம்மாவோ ஒரு பாட்டு. பிள்ளை தன் வாய்மொழியில் விளக்கம். எழுத்துத் தமிழ் வேண்டாம் என்பது என் கட்சி. எங்கள் வீட்டில் அனுமன் அசோகவனத்தில் "அம்மா, பயப்படாதீங்கோ, நான் ராமரோட ஆளாக்கும்" என்றான். சீதை நம்பாமல், "அடையாளம் எங்கே?" என்றாள். "இந்தா மோதிரம்" என்று கையை ஆட்டியபோது பொத்தான் கழன்று அனுமன் கை கீழே விழுந்தது. என் பேத்தி சற்றும் தயங்காமல், "கடல் தாண்டின களைப்பு" என்றாள். அந்த வாக்கியத்தை அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. ராமாயணம்தான் வேண்டும் என்பதில்லை. தெனாலிராமன், முல்லா, நல்ல சமாரியன், எந்தக் கதை வீட்டுக்கு ஒத்து வருகிறதோ அது. தமிழ் எழுதத் தெரியாத பிள்ளை முதலில் மலையாள எழுத்தில் வசனத்தை எழுதிக்கொள்ளட்டும். மூன்றாவது கூத்தில் பாத்திரங்களின் பெயரை மட்டும் தமிழில் எழுதச் சொல்லலாம்.

கூத்து முடிந்ததும் பாவைகளைப் பழைய செய்தித்தாளுக்கு இடையில் தட்டையாக அடுக்கி, காய்ந்த வேப்பிலை போட்டு வையுங்கள். எண்ணெய் தடவியவற்றைத் தனியே வைக்க வேண்டும். மழைக்காலத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.