அளந்த பின்னும் மாறாத தோற்றம்

சுக்தியில் தோன்றிய ரஜதம், கையில் எடுத்துப் பார்த்ததும் விலகிவிடுகிறது. இரட்டைச் சந்திரன் அப்படிப்பட்டதன்று. சந்திரன் ஒன்றே என்று நன்கறிந்தவனுக்கும் திமிர தோஷம் உள்ளவரை இரண்டாகவே தோன்றும். இதற்கு ஸ்ரீபாஷ்யகாரர் ஜிஜ்ஞாஸாதிகரணத்தில் அருளிய ஸமாதானம் ப்ரஸித்தம். அத்தோற்றத்துக்கு ஹேதுவான கண்தோஷம் ஸத்யம், ஞானத்தால் பாதிக்கப்படாதது, ஆகவே அங்குப் பாதிதாநுவ்ருத்தி பொருந்தும் என்பது அது. காட்சிப் பிழைகளைப் பற்றி இன்றைய விஞ்ஞானிகள் நிகழ்த்தும் வாதமும் பெரும்பாலும் இவ்விரண்டாம் வகையைப் பற்றியதே.

1889இல் ஜெர்மானியரான முல்லர்-லையர் வெளியிட்ட உருவம் இதற்குச் சிறந்த த்ருஷ்டாந்தம். ஸமநீளமுள்ள இரண்டு கோடுகள். ஒன்றன் முனைகளில் சிறு கோடுகள் அம்பு நுனிபோல உட்புறம் மடிந்திருக்கும், மற்றொன்றில் வெளிப்புறம் விரிந்திருக்கும். விரிந்ததே நீளமாகத் தோன்றும். அளவுகோல் வைத்து ஸமமென்று நிச்சயித்த பின்னும் தோற்றம் மாறுவதில்லை. இங்கே கண்ணில் திமிரம் இல்லை. அப்படியாயின் அழியாது நிற்கும் ஹேது எது?

ரிச்சர்டு கிரெகரி 1963இல் ஒரு விடை கூறினார். விரிந்த முனைகள் அறையின் உள்மூலையையும், மடிந்தவை கட்டடத்தின் வெளிமூலையையும் ஒத்தவை. உள்மூலை தொலைவில் உள்ளது. தொலைவிலுள்ளது கண்ணில் அதே அளவாக விழுந்தால், உண்மையில் பெரியதாக இருக்கவேண்டும். மூளை இப்படித் தானறியாமலே அநுமானிக்கிறது. அளவுகோல் தந்த அறிவை அது கேட்பதில்லை. 1966இல் ஸீகல், கேம்ப்பெல், ஹெர்ஸ்கோவிட்ஸ் ஆகியோர் வெளியிட்ட ஆய்வும் இதற்குத் துணையாயிற்று. மூலைகள் நிறைந்த அமெரிக்க நகரவாசிகளிடம் இப்பிழை மிகுதி; கலஹாரிப் பாலையின் வேட்டைக்குடிகளிடம் மிகக் குறைவு. ஆயினும் சிறு கோடுகளை நீக்கி வட்டங்களை வைத்தாலும் பிழை நிற்கிறது. வட்டத்தில் மூலை ஏது? இவ்வாக்ஷேபம் எளிதில் தள்ளத்தக்கதன்று.

வேறு சிலர் அநுமானமே வேண்டாம் என்பர். கண் நடுக்கோட்டைத் தனியே பிரித்துக் கொள்ளாமல் முழு உருவத்தின் ஸராசரி நீளத்தைக் கொள்கிறது; அவ்வளவே. பர்வெஸ் முதலியோரின் பக்ஷம் இன்னும் துணிவானது. இத்தகைய வடிவம் உலகில் எந்தெந்தப் பொருள்களால் எவ்வளவு அடிக்கடி உண்டாகிறதோ, அதற்கேற்பவே காட்சி அமைகிறது. ஆகையால் அதைப் பிழை என்பதே தகாது என்பர். யதார்த்தக்யாதியில் பழகியவர்க்கு இது செவிக்கினிதாயினும், இரண்டையும் ஒன்றாக்குதல் அவஸரமாகும். அங்கே விஷயத்தின் ஸத்யத்வம் நிரூபிக்கப்படுகிறது. இங்கே பழக்கத்தின் பயன் மட்டுமே பேசப்படுகிறது.

2015இல் வெளியான ஓர் ஆய்வு இவ்வாதத்தைத் திருப்பிவிட்டது. பிறவியிலேயே கண்புரையால் பார்வையிழந்திருந்த இந்தியச் சிறார் 9 பேருக்கு, சிகிச்சையால் பார்வை கிடைத்த உடனே இவ்வுருவம் காட்டப்பட்டது. 8 முதல் 16 வயது வரையிலான அவர்கள் மூலைகளைக் கண்டு பழகியவர்களல்லர். அவர்களும் விரிந்ததையே நீளமென்றனர். கண்டு பழகியதே ஹேது என்னும் பக்ஷத்துக்கு இது பெரும் இடர். கலஹாரி வேட்டைக்குடிகளிடம் அது ஏன் குறைந்தது என்னும் கேள்வியோ ஸராசரிப் பக்ஷத்தாரை நோக்கி அப்படியே நிற்கிறது.